மீட்டருக்கும் பில்லுக்கும் நடுவே

அன்புள்ள செல்வம்,

நலம். உன் கடிதம் வந்தது. பேக்ஹோ ஏழு, எக்ஸ்கவேட்டர் மூன்று என வண்டி பத்தாகிவிட்டதில் சந்தோஷம். பாப்பாவுக்கு சிவில் இன்ஜினியரிங் கிடைத்ததும் நல்ல சேதி.

முழு ஈஆர்பி, அதாவது தொழிலின் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர், போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். வண்டி வாடகைத் தொழிலில் காசு அதிகம் ஒழுகுவது, ஓடிய மணியைக் காட்டும் மீட்டருக்கும் பில்லுக்கும் நடுவில்தான். வண்டிக்குத் தினம் அரை மணி பில்லில் விட்டுப்போனால் 26 நாளில் 13 மணி. மணிக்கு 1,100 ரூபாய் என்று வைத்தாலும் வண்டிக்கு 14,300, பத்து வண்டிக்கு மாதம் 1,43,000. அந்த ஓட்டையை அடைக்க கூகுள் ஃபார்மும் ஒரு ஷீட்டும் போதும்.

அதற்கும் முன்னால் பெயர் விவகாரம். ஒரே வண்டி டீசல் நோட்டில் ‘பழைய வண்டி’, லாக் ஷீட்டில் நம்பர் பிளேட், டேலி கணக்கு சாஃப்ட்வேரில் மாடல் பெயர் என்று இருந்தால் எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் கணக்குச் சேராது. பி-1 முதல் பி-7, எ-1 முதல் எ-3 என்று கதவிலேயே பெயின்டில் எழுதிவிடு. பங்க் சீட்டு, ஸ்பேர் கடை பில், வாட்ஸப் எல்லாவற்றிலும் அதுவே வரட்டும்.

ஒவ்வொரு கேபினிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டு. ஸ்கேன் செய்தால் அந்த வண்டியின் பெயர் (பி-1 மாதிரி) ஏற்கெனவே நிரம்பிய ஃபார்ம் திறக்க வேண்டும். ஆபரேட்டர் போட வேண்டியது வேலை நாள், சைட், தொடக்க ரீடிங், முடிவு ரீடிங், டீசல் லிட்டர், நின்றிருந்தால் காரணம். கூடவே மீட்டர் போட்டோ. தகராறு அதிகம் வருவது கடைசி இலக்கத்தில். 4523.7 என்பதைப் புள்ளியில்லாமல் 45237 என்று அடிப்பார்கள். ஏழரை மணியை 7.30 என்று எழுதுவார்கள். மீட்டரில் 0.1 என்றால் 6 நிமிடம். இன்றைய தொடக்கம் நேற்றைய முடிவைவிடக் குறைந்தாலோ, ஒரு நாள் வித்தியாசம் 14 மணியைத் தாண்டினாலோ ஷீட்டில் அந்த வரி சிவப்பாக வேண்டும். தொடக்கம் நேற்றைய முடிவைவிடக் கூடியிருந்தால் இராத்திரி யாரோ ஓட்டியிருக்கிறார்கள். டேஷ்போர்டு மாற்றி மீட்டர் புதிதாகத் தொடங்கிய வண்டிக்குப் பழைய மணியைக் கூட்டத் தனிக் கட்டம் வை, இல்லாவிட்டால் 500 மணி சர்வீஸ் நினைவூட்டல் தப்பாகிவிடும்.

குவாரியில் சிக்னல் இருக்காது, கூகுள் ஃபார்ம் சிக்னல் இல்லாமல் போகாது. அந்த சைட்டுக்கு மட்டும் ஆப்ஷீட்டில் செய்துகொள்; நெட் இல்லாமலும் பதிந்து வைத்து, பிறகு ஏற்றிவிடும். சைட் இன்ஜினியர் கையெழுத்தை மட்டும் விட்டுவிடாதே. அன்று மாலையே ‘பி-3, 4523.7 – 4531.2, 7.5 மணி’ என்று அவருக்கு வாட்ஸப் போய்விட வேண்டும். ஆட்சேபணை அன்றைக்கே வரட்டும், மாதக் கடைசியில் வேண்டாம்.

ஜிபிஎஸ் வாங்குவதற்கு முன் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார். ஜேசிபியில் லைவ்லிங்க், கோமாட்சுவில் கோம்ட்ராக்ஸ் என்று வண்டியைக் கண்காணிக்கும் வசதி கம்பெனியிலிருந்தே வரும். வெளியில் வாங்கிப் போட்டால், மாட்டுகிறவர் இக்னிஷன் ஒயரில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சாவியைத் திருப்பிவிட்டு ஆபரேட்டர் பாட்டுக் கேட்டாலும் அது வேலை மணியாக ஏறும். ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனையில் கொடுக்கச் சொல். இன்ஜின் ஓடினால்தான் எண்ணும். டீசல் சென்சார் இப்போது வேண்டாம். மேட்டில் சாய்ந்து நின்றாலே திருட்டு என்று அலறும். ஃபுல் டேங்குக்கு ஃபுல் டேங்க் கணக்குப் போடு. பேக்ஹோ மணிக்கு 5, 6 லிட்டர் குடிக்கும். 8 ஆனால் கேள்வி கேள். ஆனால் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டியிருந்ததா, ஏர் ஃபில்டர் அடைத்ததா என்று பார்த்த பிறகு.

மினிமம் மணியும் (வண்டி குறைவாக ஓடினாலும் பில்லில் வரும் மணி) பிரேக்டவுனும் வொர்க் ஆர்டரில் தெளிவாக இல்லாமல் பில்லைத் தானாக வரவைக்க முடியாது. மாதம் 200 மணி மினிமம், 26 நாளில் 3 நாள் பிரேக்டவுன் என்றால் 200×23÷26, அதாவது 176.9 என்று எழுத்தில் இருக்க வேண்டும். ‘பேசிக்கலாம்’ என்பதற்கு ஃபார்முலா கிடையாது. அது முடிந்தால் 1ஆம் தேதியே எக்செலாக எடுத்து டேலி பிரைமில் ஏற்றிவிடலாம். பில்லில் உத்யம் எண் (சிறுதொழில் பதிவு எண்) போட மறக்காதே. சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006 எம்எஸ்எம்இ சட்டம். தாமதித்தால், உண்மையில் கட்டும் வருடத்தில்தான் வாடகைக்கு எடுத்த பார்ட்டி அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அவருடைய ஆடிட்டரே உனக்காகப் பேசுவார். வருட டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி போர்ட்டலில் பதியும் பில்) கட்டாயம், அதையும் ஆடிட்டரிடம் பார்த்துக்கொள்.

இரண்டு வண்டியில் மட்டும் ஒரு மாதம், பழைய லாக் புக்கோடு சேர்த்தே ஓட்டிப் பார். சனிக்கிழமை பேட்டாவை ஃபார்மில் ஏறிய மணிக்குத்தான் என்று சொல்லிவிடு, யாரையும் விரட்ட வேண்டியிருக்காது. இப்போதிருக்கும் லாக் ஷீட்டில் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பு. எந்தக் கட்டம் வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
முருகேசன்