கல்லூரி மாற விண்ணப்பிப்பது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறும் வழிகள் பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறேன். ஆனால், அங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவர், அதைவிடப் போட்டி மிகுந்த வேறொன்றுக்கு மாற எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை யாரும் விளக்குவதில்லை. முதல் செமஸ்டர் முடிவதற்கு முன்பே 'அடுத்த வருடமே மாறிவிடு' என்று பிள்ளைகளை நெருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன்.

யேல் மார்ச் 1, கார்னெல் மார்ச் 15 என்பதுபோல, இலையுதிர்காலச் (ஆகஸ்ட், செப்டம்பர்) சேர்க்கைக்கான இடமாற்ற விண்ணப்பங்களைப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் மார்ச் மாதத்திலேயே கேட்கின்றன. ஆகவே முதலாண்டிலேயே விண்ணப்பிப்பவரிடம் காட்டுவதற்கு ஒரே ஒரு செமஸ்டரின் நான்கைந்து பாட மதிப்பெண்கள்தாம் இருக்கும். தேர்வுக்குழு வேறு வழியின்றிப் பள்ளி மதிப்பெண்களைத்தான் பெரிதும் பார்க்கும். சென்ற ஆண்டு அதே தரத்துக் கல்லூரிகளில் இடம் பெற்றுத் தராத மதிப்பெண்கள் இவ்வாண்டு மட்டும் எப்படிப் பெற்றுத் தரும்? பரிந்துரைக் கடிதத்தின் நிலையும் இதுதான். பெரிய வகுப்பில் சில மாதங்கள் மட்டுமே பார்த்த மாணவரைப் பற்றி ஒரு பேராசிரியரால் என்ன எழுத முடியும்? இரண்டாமாண்டில் விண்ணப்பிப்பவரிடமோ மூன்று செமஸ்டர் மதிப்பெண்களும், அவரை நன்கு அறிந்த ஆசிரியர்களும், முதன்மைப் பாடத்தில் செய்த வேலையும் இருக்கும். பள்ளியில் சுமாராகப் படித்துக் கல்லூரியில் மலர்ந்த மாணவர், சந்தேகமே வேண்டாம், காத்திருப்பதே நல்லது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் (University of California) முதலாண்டா, இரண்டாமாண்டா என்ற இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதன் வளாகங்கள் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பை, அதாவது 60 செமஸ்டர் கிரெடிட்டுகளை, முடித்து மூன்றாமாண்டில் நுழைபவர்களையே சேர்த்துக்கொள்கின்றன. விண்ணப்பமும் அதற்கு முந்தைய நவம்பர் வாக்கிலேயே போய்ச் சேர வேண்டும். அம்மாநிலக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டு. டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றும் அம்மாணவர்களுக்கு இடத்தை உறுதியே செய்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அவற்றில் இல்லை.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. பட்டம் வழங்க, தங்களிடம் இரண்டாண்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளின் விதி. இரண்டாண்டுக்கு மேல் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களை ஹார்வர்டு ஏற்பதே இல்லை. மேலும், தாமதமாக மாறுபவரின் பழைய பாடங்களில் சில ஏற்கப்படாமல் போனால், ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க நேரும். வெளிநாட்டு மாணவருக்கு அது பல லட்சம் ரூபாய்ச் செலவு. இப்போதைய கல்லூரி தந்த உதவித்தொகை உடன் வராது. புதிய இடத்தில் இடமாற்ற மாணவர்களுக்கு, அதிலும் வெளிநாட்டவருக்கு, பல கல்லூரிகளில் நிதியுதவி குறைவு அல்லது இல்லை. எனவே விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, எந்தப் பாடங்கள் ஏற்கப்படும், நிதியுதவி கிடைக்குமா என்ற இவ்விரண்டையும் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாண்டிலேயே விண்ணப்பிப்பது யாருக்குப் பொருந்தும் என்றால், பள்ளியில் மிகச் சிறந்து விளங்கியும் பணமோ நோயோ தடுத்து வேறிடம் சேர்ந்தவருக்கும், தாம் விரும்பும் பாடப்பிரிவே தம் கல்லூரியில் இல்லாதவருக்கும் பொருந்தும். அவர்களும் இடங்கள் எவ்வளவு குறைவு என்பதை அறிந்திருக்க வேண்டும். ஹார்வர்டு இவ்வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 பேரையே எடுக்கிறது. பிரின்ஸ்டன் 1990க்குப் பின் 2018இல்தான் இக்கதவை மீண்டும் திறந்தது. ஆகையால் விண்ணப்பித்த மாணவர், இப்போதைய கல்லூரியிலேயே தொடரப்போகிறவர்போல அடுத்த ஆண்டுக்கான பாடங்களையும் விடுதியையும் பதிவு செய்துவிடுவது அவசியம்.

தங்கள் கல்விப் பக்கம் சேர்க்கைத் தேதிகளை வெளியிடும்போது, இடமாற்றத்துக்கான கடைசி நாள்களையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்த ஆண்டு மாணவர்களை ஏற்கிறது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.