காசில்லை என்பது வேறு, உரித்தில்லை என்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார்: நாடு வங்குரோத்தாகி இப்போதுதான் எழும்புகிற நேரத்தில் ஓய்வூதியக்காரர்கள் 'பழைய நிலுவை, பழைய நிலுவை' என்று கேட்டுக்கொண்டிருப்பது நியாயமா என்று. எழுத்தைப் பார்த்தால் வயது குறைந்த தம்பி போலிருக்கிறது. கோபமில்லை. ஆனால் நிலுவை என்றால் என்னவென்று அவருக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

33 வருஷம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். இடையில் அந்தப் பதவிக்கு முகாமைத்துவ உதவியாளர் என்று பெயர் மாற்றினார்கள். மேசையும் கதிரையும் பழையதுதான். அதில் பாதிக்கு மேல் சம்பளப் பகுதியில்தான் போனது. மற்றவர்களின் நிலுவையைக் கணக்குப் பார்த்தே என் கண்ணாடி தடித்தது.

என் மனைவி ஆசிரியை. ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு, அதாவது அந்தச் சேவையின் விதிகள், வர்த்தமானியில் வந்தது 2014 ஒக்டோபரில். நடைமுறைக்கு வரும் திகதியாக அதில் போட்டிருந்தது 2008 யூலை 1. வகுப்பு உயர்வுக் கடிதம் அவர் கைக்கு வந்த கிழமையே, ஒரு ஞாயிறு மத்தியானம், புல்ஸ்கப் தாளில் மூன்று நிரல் கோடு கீறினேன். பெற வேண்டியது, பெற்றது, வித்தியாசம். 2008 யூலை தொடக்கம் 2014 டிசம்பர் வரை 78 மாதம், 78 வரி. ஒவ்வொரு வருஷமும் சம்பள ஏற்றத் திகதியில் எண் மாறும். அதோடு ஓய்வூதியக் கழிவும் மாறும். ஓரிடத்தில் பிழைத்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பிழை. இரவு ஒன்பது மணிக்கு முடித்தேன். வந்த தொகை ஒன்றும் பெரிதில்லை. கிணற்றுக்கு ஒரு மோட்டரும் குழாயும் போடலாம், மிச்சத்தில் கூரை ஓடு மாற்றலாம், அவ்வளவுதான்.

அந்தத் தாளை இணைத்து எழுதிய கடிதத்துக்கு முதலில் வந்த பதில், 'நிதி கிடைத்ததும் வழங்கப்படும்'. சரி, பொறுத்திருந்தோம். இரண்டு வருஷம் கழித்து நினைவூட்டியபோதும் அதே வசனம். மூன்றாம் தடவை, அங்கே புதிதாக வந்த யாரோ எழுதினார்: 'இக்கோரிக்கைக்கு உரித்து இல்லை.' ஒரே கோவை, ஒரே தாள், ஒரே ஆள். காசு இல்லை என்று தொடங்கிய கதை, உனக்கு வரவேண்டியதே இல்லை என்று முடிந்தது.

என் கதை வேறு மாதிரி. 2016 சம்பளத் திருத்தம் 2016 ஜனவரி 1 முதல் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அடிப்படைச் சம்பளம் முழுதாகக் கைக்கு வருவது 2020 ஜனவரியில்; அதுவரை வருஷத்துக்கு ஒரு படி. நான் 2017 மே மாதம் ஓய்வு பெற்றேன், அதாவது ஏணியில் பாதி ஏறியிருக்கும்போது இறக்கிவிட்டார்கள். 2016 க்கும் 2019 க்கும் இடையில் போனவர்கள் எல்லோரும் இந்தப் பாதி ஏணியில்தான். 2020 சம்பளப் படிக்கு ஏற்றபடி ஓய்வூதியம் கேட்டுக் கேட்டு, கடைசியில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மூன்று கட்டமாகத் திருத்துவதாகச் சொன்னார்கள்: 2025 யூலை, 2026 யூலை, 2027 யூலை. மூன்றாம் கட்டம் வரும்போது எனக்கு 70 வயது. என்னோடு ஓய்வு பெற்றவர்களில் இருவர் முதற்கட்டத்தையே காணவில்லை.

வழக்குப் போட்டிருக்கலாமே என்று தம்பி கேட்கலாம். கேட்டுப் பார்த்தோம். நாங்கள் பதினொரு பேர் ஒரு கோயில் மடத்தில் கூடிக் கதைத்தோம். சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு திணைக்களம் எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் திகதி 4. என் கைக்கு வந்தது 29. அதுவும் சிங்களத்தில். வாசித்துச் சொல்ல ஆள் பிடிக்கவே இரண்டு நாள். லோயர் முதலில் கேட்டது கடிதத்தை அல்ல, அது வந்த உறையை. தபால் முத்திரைத் திகதி இருந்தால்தான் எப்போது கிடைத்தது என்று காட்டலாமாம். நல்லவேளை, மனைவி அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிச் சமையலறையில் செருகி வைத்திருந்தார். இல்லையென்றால் அது அடுப்புக்குள் போயிருக்கும்.

ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை முடியாமல் இருக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. யாழ்ப்பாணத்திலேயே அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் போதாது, விசாரணை நடந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிறகு சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் அறிந்தபோது மாதம் முடிந்துவிட்டது. பதினொரு பேரில் ஏழு பேர், நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடைக்கு இரவு பஸ்ஸில் போய்வர உடம்பு கேட்காது என்று முதலிலேயே விலகியிருந்தார்கள். மிச்சம் நால்வரும் அதோடு விட்டுவிட்டோம்.

எங்கள் தலைமுறைக்குக் கோடீஸ்வரன் வழக்குத் தெரியும். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்று 1962 ஏப்ரலில் வரவேண்டிய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டு 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது: முடியின், அதாவது அரசாங்கத்தின், ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியாதாம். 1969 டிசம்பரில், அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம் என்றது. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய சட்டம் செல்லுமா செல்லாதா என்ற பெரிய கேள்வியை அவர்கள் தீர்க்கவில்லை. மேடைகளில் பேசுகிறவர்கள் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எழுதுவினைஞனான எனக்கு மற்றப் பாதிதான் பெரிது. செய்த வேலைக்கு வரவேண்டிய சம்பளத்தை, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதுபோலக் கேட்டு வழக்காடலாம் என்றல்லவா அங்கே தீர்த்தார்கள்?

கஜானாவில் காசில்லாத காலம் இருந்தது. 2022 இல் நாங்களும்தானே மண்ணெண்ணெய் வரிசையில் நின்றோம். காசில்லை என்றால் காசில்லை என்று எழுதுங்கள், தவணை போடுங்கள். 1997 இலிருந்து இழுபட்ட ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டுக்கு 2021 இல் மாதக்கணக்காக வேலைநிறுத்தம் செய்த பிறகு, 2022 ஜனவரியில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அது குறைவுதான், ஆனாலும் மிச்சம் உண்டு என்பதையாவது ஒப்புக்கொண்ட மாதிரி. உரித்தே இல்லை என்று எழுதுவது வேறு வேலை. அது கோவையை மூடுவதற்கு எழுதுவது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன், எனக்குத் தெரியும். மேலிருந்து வந்த வாசகத்தைத் தட்டச்சு செய்து எத்தனை பேருக்கு நானே அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் என் மேசையில் நடந்தது. ஒரே நாளில், ஒரே தரத்தில் நியமனம் பெற்ற இருவர். ஒருவர் சிலரோடு சேர்ந்து வழக்கில் பெயர் போட்டார். இணக்கம் ஏற்பட்டு அவருக்கு நிலுவை வந்தது. மற்றவர் அதே கணக்கைக் காட்டிக் கேட்டார். 'தாங்கள் மனுதாரர் அல்லர்' என்று பதில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அவர் பிறகு என்னைச் சந்தையில் கண்டும் கதைக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பழைய திகதி போட்டுச் சுற்றறிக்கை விட்டால், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வரும், எப்போது வரும், இல்லையென்றால் எந்தப் பிரிவின்படி இல்லை என்பதை அவரவர் மொழியில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீதிமன்றத்தில் ஒருவருக்கு ஒப்புக்கொண்டதை அதே தரத்தில் உள்ள மற்றவருக்கும் கொடுங்கள். இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாவதும் 2025 ஏப்ரல் முதல் 2027 ஜனவரி வரை மூன்று படியாகத்தான். ஒவ்வொரு படியிலும் உங்கள் கணக்கை நீங்களே எழுதி வையுங்கள். உறைகளை எறியாதீர்கள்.

சென்ற வாரம் எழுதிய தம்பி கோண்டாவில் பக்கம் வந்தால் அந்த 78 வரித் தாளைக் காட்டுகிறேன். பழுப்பேறிவிட்டது, ஆனால் கூட்டல் சரி. தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கோண்டாவில் கிழக்கு, யாழ்ப்பாணம்.