இளங்கோவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள இளங்கோவுக்கு,

நலம்தானே? போன வாரம் போனில், "ரஷ்ய அணு விஞ்ஞானிகள் காசு கொடுத்தவன் பின்னால் போனவர்கள்தானே அப்பா" என்று பேச்சுவாக்கில் சொன்னாய். எனக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, வரைபடத்தில் காட்டப்படாத ஊர்களில் ஆயிரக்கணக்கான ஆயுத விஞ்ஞானிகள் இருந்தார்கள். யூரல் மலைப்பக்கம் செல்யாபின்ஸ்க்-70 அப்படி ஓர் ஊர், இப்போது ஸ்னெஷின்ஸ்க். அங்கிருந்த ஆய்வகத்தின் இயக்குநர் விளாதிமிர் நெச்சாய். 1996இல் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஹைட்ரஜன் குண்டு செய்யத் தெரிந்தவர்கள் கடன் வாங்கிக் குடும்பம் நடத்தினார்கள். தன் ஆட்களுக்குச் சம்பளம் வாங்கித் தர முடியாமல் ஓய்ந்துபோன நெச்சாய், அக்டோபர் 30 அன்று தன் அலுவலக அறையிலேயே சுட்டுக்கொண்டு இறந்தார். அவருக்குத் தெரிந்ததை விற்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும், யோசித்துப் பார். அவர் விற்கவில்லை.

கிளம்பியவர்களும் உண்டு. 1992இல் வட கொரியாவுக்குப் புறப்பட்ட ஏவுகணை வல்லுநர்களைக் குடும்பத்தோடு மாஸ்கோ விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தினார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் ஊரை விட்டு அசையவில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும் ரஷ்யாவுடன் சேர்ந்து மாஸ்கோவில் ஒரு அறிவியல் தொழில்நுட்ப மையம் தொடங்கி, 1994 முதல் அவர்களுக்கு ஆயுதம் சாராத ஆய்வு வேலை கொடுத்தார்கள். ஒரு ஏவுகணைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பக் காசு. 2015இல் ரஷ்யா அதிலிருந்து விலகியது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

அதே சமயம், பசி மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். பாகிஸ்தான் உலோகவியலாளர் ஏ. க்யூ. கான் ஹாலந்தில் நல்ல வேலையில் இருந்தவர். அணுகுண்டுக்கு ஏற்றபடி யுரேனியத்தைச் செறிவூட்டும், அதிவேகமாகச் சுழலும் மையவிலக்கு என்ற கருவியின் வரைபடங்களோடு 1975இல் பாகிஸ்தான் திரும்பினார். பிற்பாடு அந்த நுட்பம் ஈரான், லிபியா, வட கொரியா வரை போனது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அதிவேகச் சுழலிகளுக்கான பேரிங் வேலைக்கு இரண்டு மடங்கு சம்பளம் தருவதாக ஒரு கம்பெனி கூப்பிடுகிறது என்றாயே, அந்தச் சுழலி எதற்கு, கடைசியில் எந்த நாட்டுக்குப் போகிறது என்று எழுத்தில் கேள். மழுப்பினால் போகாதே. ஆய்வு நிதி வருகிற வரை வாடகைக்குக் கை கடித்தால் கூச்சப்படாமல் சொல், நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா