துருப்பிடித்த நட்டுக்கு நல்லெண்ணெயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குறிப்புகள் பகுதியில், துருப்பிடித்து இறுகிய நட்டு போல்ட்டுக்கு ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் உடனே கழன்றுவிடும் என்று போட்டிருந்தீர்கள். அம்பத்தூரில் 35 வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எழுதியவர் ஒரு தடவையாவது ஸ்பேனர் பிடித்துப் பார்த்திருந்தால் அந்த 'உடனே' என்ற சொல் வந்திருக்காது.

நல்லெண்ணெய் தலைக்கு நல்லது, இட்லிப் பொடிக்கு நல்லது, நட்டுக்கு ஆகாது. மரைக்குள், அதாவது திருகு வரிகளுக்குள், இருக்கிற இடைவெளி ஏதோ தலைமுடி கனம்தான் இருக்கும், அதையும் துரு அடைத்துக்கொண்டிருக்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட ரெண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பழைய ஃபிளாட்டுகளில் பால்கனிக்கு அடியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். காங்கிரீட்டையே பிளக்கிற அந்த நெருக்கம்தான் நட்டுக்குள்ளும் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் போக வேண்டுமானால், விளக்குத் திரியில் ஏறுகிற மாதிரி அதுவாகவே துருவின் பொடித்துளைகள் வழியாக ஊறிப் போக வேண்டும், அதற்கு எண்ணெய் நன்றாக நீர்க்க இருக்க வேண்டும். நல்லெண்ணெய் வெளியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதோடு விட்டாலும் பரவாயில்லை, நாளாக ஆகப் பிசுக்காகி, கோயிலில் விளக்கு மாடத்தடியில் பார்ப்போமே, அந்த மாதிரி கோந்தாகிவிடும். தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, சக்கரம் சுற்றவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

நாங்கள் தொழில் பழகிய காலத்தில் பட்டறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். பாதிக்கு மேல் கிருஷ்ணாயில், மீதி மெஷின் ஆயில், கூடவே ஒரு கோழி இறகு. மேஸ்திரி அந்த இறகால் மரையோரம் தடவிவிட்டு, சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டு, "போய் டீ சாப்பிட்டு வாடா" என்பார். டீ சாப்பிட்டு வந்த பிறகும் தொட விடமாட்டார், மறுபடி தடவுவார். அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. இன்றைக்கு ரேஷனில் கிருஷ்ணாயிலுக்கு எங்கே போவது, அதனால் கடையில் பெனட்ரேட்டிங் ஆயில், அதாவது இடுக்கில் ஊறிப் போகிற எண்ணெய், என்று கேட்டு வாங்குங்கள், டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பிரே என்று கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் டபிள்யூடி-40யை எடுத்து நீட்டுவார். குறை சொல்லவில்லை, நல்ல சரக்குதான். ஆனால் அது 1953இல் அமெரிக்காவில் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை விரட்டுவதற்காகக் கண்டுபிடித்தது. 40ஆவது தடவை கலந்ததுதான் சரியாக வந்ததாம், பெயரிலேயே அது இருக்கிறது. லேசான பிடிப்புக்கு அது போதும். வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டதற்கு, துருவை இளக்குவதற்கென்றே அதே நிறுவனம் தனியாக வேறு டப்பா விற்கிறது.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் எங்கள் கீழ்த்தளம் முழுகியது. படிக்கட்டுக்கு அடியில் என் வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி), ஸ்பேனர் செட், ரெண்டு பைப் ரெஞ்சு எல்லாம் சாக்கடை கலந்த தண்ணீருக்குள் நாலு நாள் கிடந்தன. மெத்தை, ஃபிரிட்ஜ், பேத்தியின் புத்தகங்கள் என்று ஓடிக்கொண்டிருந்ததில் இதைத் திரும்பிப் பார்க்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பார்த்தால் எல்லாம் செங்கல் நிறம். வைஸ் கைப்பிடி அசையக்கூட இல்லை. மூன்று சக்கர வண்டியில் பழைய இரும்பு எடுக்க வந்த தம்பி, "சார், இது இனிமே வேலைக்காவாது, எடைக்குப் போட்டுடுங்க" என்றான். எங்கள் தெருவில் அந்த வாரம் எத்தனை பேர் நல்ல நல்ல சாமான்களைக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

முதல் நாள் எண்ணெயே விடவில்லை. காய்ந்த சேற்றையும் உதிர்கிற துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன், இல்லாவிட்டால் எண்ணெயை அந்த மண்ணே குடித்துவிடும். சாயங்காலம் வைஸின் திருகுத் தண்டு உள்ளே போகிற வாயில் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, தண்டின் தலையில் சின்னச் சுத்தியலால் டிங் டிங்கென்று தட்டினேன். அடிக்கக் கூடாது, தட்டத்தான் வேண்டும். வைஸ் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும். அந்த அதிர்வில்தான் துருவில் முடிக்கோடாக விரிசல் விழும், எண்ணெய் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். காலையில் மறுபடி, ராத்திரி மறுபடி. மூன்றாம் நாள் கைப்பிடியைக் கழற்றுகிற பக்கம் திருப்பாமல் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்பினேன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் ஒரு பக்கமே மல்லுக்கட்டுவதைவிட இரண்டு பக்கமும் ஆட்டினால் பிடி சீக்கிரம் விடும். 'கிரீச்' என்று ஒரு சத்தம் வந்தது, பல் கூசியது. மரையோரமாகக் காபி டிகாஷன் மாதிரி பழுப்பாக எண்ணெய் கசிந்து வெளியே வந்தது. அதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கால் சுற்று கழற்றி, பின்னால் வந்து, மறுபடி எண்ணெய், மறுபடி கால் சுற்று. அப்படியே முழுத் தண்டையும் வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. துடைத்துக் கிரீஸ் தடவிப் போட்டேன், வைஸின் தாடையில் குழி குழியாகத் தழும்பு இருக்கிறது, மற்றபடி இன்றைக்கும் அதில்தான் வேலை.

அந்தக் கிரீஸை விடக் கூடாது. இந்த எண்ணெயில் பாதி ஆவியாகிப் போகிற சரக்கு, வழவழப்பு அதில் நிற்காது. சைக்கிள் செயினுக்கு அடித்துவிட்டு ஒரு வாரத்தில் மறுபடி கத்துகிறது என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

சூடு காட்டலாமா என்று கேட்பார்கள். காட்டலாம், நட்டுக்கு மட்டும். அது விரிந்து கொடுக்கும். ஆனால் எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும், ஸ்பிரே டப்பாவைப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. பழைய ஆட்கள் நட்டைச் சூடாக்கிவிட்டு, நெருப்பை அணைத்த பிறகு மரையோரம் மெழுகுவர்த்தியை வைத்து அழுத்துவார்கள், மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ரொம்ப நல்ல வழி, புகை மட்டும் கொஞ்சம் வரும்.

அப்புறம், எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று பாருங்கள். சைக்கிளில் இடது பெடல், பட்டறையில் சாணை பிடிக்கிற பெஞ்ச் கிரைண்டரில் இடது பக்கக் கல்லின் நட்டு, இதெல்லாம் எதிர் மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். என் அக்கா மகன் இடது பெடலைத் துருவென்று நினைத்து அரை டப்பா ஸ்பிரே அடித்து, முழுப் பலத்தையும் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான், நல்ல வேளையாக நான் அந்தப் பக்கம் போனேன். அவனையாவது விடலாம், அவன் பி.காம். படிக்கிற பையன். போன வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் என் ஸ்கூட்டரின் சைலன்சர் போல்ட்டை எண்ணெயே விடாமல் திருகி, தலையை முறித்து, முறிந்ததை எடுக்க என்னிடமே காசும் வாங்கினார்கள்.

இதைக் கட்டாயம் போடுங்கள்: பிரேக் டிஸ்க், பிரேக் கட்டை பக்கம் எந்த எண்ணெயும் போகக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் வால்வு இறுகினால், அது வெல்டிங் பட்டறையானாலும் சரி, நோயாளி இருக்கிற வீடானாலும் சரி, ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. அழுத்தத்தோடு வருகிற ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானாகவே தீப்பிடித்து வெடிக்கும். சிலிண்டர் கொடுத்தவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். நல்லெண்ணெய்க் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது அதில் கை வைத்துவிடப் போகிறார்களே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

அடுத்த ஞாயிறு திருத்தம் போட இடம் இருந்தால் போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்த 'உடனே' தவறு என்று ஒரு வரியாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.