அரைக் கட்டை இறங்கிய கிட்டார்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய பேண்டுகளின் சமீபத்திய மேடைப் பதிவுகளோடு சேர்ந்து வாசித்தால் சுருதி ஒட்டவில்லை, சரி என்று கிட்டாரை அரைக் கட்டை (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி) இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆகி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) உரசுகிறது என்று எழுதியிருந்தாய். கூடவே, இதற்காகச் சுருதியை இறக்கும் புதுப் பெடல் (காலால் இயக்கும் மின்னணுக் கருவி) வாங்கலாமா என்று ஒரு கேள்வி. பெடல் வேண்டாம். ஒரு செட் கம்பியும் ஸ்க்ரூடிரைவரும் போதும்.

முதலில் உன்னோடு ஒரு சண்டை. சுருதி இறக்குவதை வயதான பாடகர்களுக்குக் கொடுக்கும் முட்டு என்கிறாய். பாதிதான் சரி. ராக் கிட்டார் மேதை ஹெண்ட்ரிக்ஸ் பெரும்பாலும் அரைக் கட்டை இறக்கித்தான் வாசித்தார். வான் ஹேலன் பேண்டின் ஆரம்பப் பதிவுகளும் அப்படித்தான். கன்ஸ் என் ரோசஸ் 1987இல் முதல் ஆல்பம் போட்டபோது அவர்கள் எல்லாருமே இளைஞர்கள். அதுவும் அரைக் கட்டை கீழேதான். கிட்டார்காரர் டோனி அயோமி 1971லேயே தன் பேண்டான பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் ஒன்றரைக் கட்டை இறங்கிவிட்டார். 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடதுகைக்காரர் என்பதால் ஃப்ரெட்டை அழுத்துவது அந்த வலது கைதான். கம்பி தளர்ந்திருந்தால்தான் அவரால் வளைக்க முடியும். ஹெவி மெட்டல் என்ற ஒரு முழு இசைவகையின் கனமான ஓசைக்கு அந்தத் தளர்ச்சிக்கும் பங்கு உண்டு. மெட்டாலிக்கா தொண்ணூறுகளின் நடுவிலிருந்து மேடையில் அரைக் கட்டை கீழே வாசிக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் உச்சத்தில் எழுதி வைத்த வரியை அறுபது வயதில், இரண்டு மணி நேர நிகழ்ச்சியின் கடைசியில் பாட வேண்டியிருப்பதும் உண்மைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கச்சேரியில் பாடகர் தன் கட்டையில் பாடுவார், பக்கவாத்தியம் அதற்குச் சேர்ந்துகொள்ளும். ராக்கில் மட்டும் ஏன் ஆல்பத்தில் இருக்கும் சுருதியைக் கல்வெட்டாக நினைக்கிறோம்?

இப்போது உன் கிட்டாருக்கு வருவோம். கம்பியின் இழுவிசை, அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடும், குறையும். அரைக் கட்டை இறங்கினால் அதிர்வெண் சுமார் 5.6 சதவீதம் குறைகிறது. இழுவிசையோ 11 சதவீதம் விழுகிறது. முழுக் கட்டை என்றால் 21 சதவீதம். உன்னுடையது ஸ்ட்ராட் வகை, கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலம், 10–46 செட் (முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன், ஆறாவது 0.046). சாதாரண டியூனிங்கில் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 47 கிலோ விசையில் இழுக்கும். அரைக் கட்டை இறக்கினால் அது 42 ஆகிறது. அந்த ஐந்து கிலோதான் உன் தொல்லைக்கெல்லாம் காரணம். பின்பக்க ஸ்பிரிங்குகள் ஜெயித்து, கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜைக் கீழே இழுக்கின்றன, அதன்மேல் கம்பியைத் தாங்கும் சேடிலும் கம்பியும் தாழ்கின்றன. அதே சமயம் கழுத்தின் வளைவும் சற்று நிமிர்கிறது. இரண்டுமே கம்பியை ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். போதாததற்குத் தளர்ந்த கம்பி அகலமாக ஆடும். உரசாமல் என்ன செய்யும்?

இதற்கு ட்ரஸ் ராடையும் (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவை மாற்றும் உலோகத் தண்டு) ஸ்பிரிங்கையும் திருகிக்கொண்டிருப்பதைவிட, இழந்த இழுவிசையைக் கம்பியின் தடிமனில் திரும்ப வாங்குவதுதான் நேர்வழி. கணக்கைப் பார். 0.010 அங்குல முதல் கம்பி சாதாரண டியூனிங்கில் ஏறக்குறைய 7.3 கிலோ. அரைக் கட்டை கீழே 6.5. அதே இடத்தில் 0.0105 போட்டால் 7.2, 0.011 போட்டால் 7.9. ஆக, உன் கிட்டாருக்கு 10.5–48 செட். கைக்குப் பழகிய அழுத்தம் அப்படியே இருக்கும். மொத்த இழுவிசையும் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் ஸ்பிரிங்கைத் தொடவேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. லெஸ் பால் போல 24.75 அங்குல கிட்டார் என்றால் 11–48. கன்ஸ் என் ரோசஸின் ஸ்லாஷ் அந்த 11–48ஐத்தான் அரைக் கட்டை இறக்கி வாசிக்கிறார். அதைக் கேட்டு ‘அவ்வளவு தடித்த கம்பியா’ என்று பயப்படுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அந்த நீளத்தில், அந்தச் சுருதியில் அவருடைய முதல் கம்பியின் இழுவிசை சுமார் 7.5 கிலோ, உன் ஸ்ட்ராட்டில் பத்து நம்பர் கம்பி சாதாரண டியூனிங்கில் தருவதற்கு ஏறக்குறைய சமம்.

கம்பியை ஒவ்வொன்றாக மாற்று. ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் முழுக்கப் படுத்துவிடும், ஸ்பிரிங் கழன்று வந்தாலும் வரும். போட்டு முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேர். அசையாமல் நிற்கும்வரை இதைச் செய். டியூனரில் ஆறாம் கம்பி இ-ஃபிளாட் என்றோ டி-ஷார்ப் என்றோ காட்டும், இரண்டும் ஒன்றுதான். பிறகு பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் கிட்டாரின் உடம்புக்கும் இடையே 3 மி.மீ. சொச்சம் இருக்கிறதா பார். குறைவாக இருந்தால் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் கொக்கியைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துவிட்டு அள. அதிகமாக இருந்தால் இறுக்கு. சுருதி சேர்க்காமல் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

அடுத்து கழுத்து. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) போட்டு, கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்திப் பிடித்தால், எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே 0.2 முதல் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குள் இருந்தால் ட்ரஸ் ராடைத் தொடாதே. மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். வலஞ்சுழியாகத் திருகினால் வளைவு குறையும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 உயரம் வைத்துக்கொள். தளர்ந்த சுருதியில் அதற்குக் கீழே போக ஆசைப்படாதே.

நட்டைத்தான் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் கொண்ட துண்டு) நான் அதிகம் சந்தேகிக்கிறேன். 46க்கு அறுத்த பள்ளத்தில் 48 சிக்கும். சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம், அதுவரை அசையாத முள் சட்டென்று தாண்டுவது, வளைத்து விட்ட கம்பி சுருதி குறைந்து நிற்பது ஆகியவை அதற்கு அடையாளம். முதலில் பென்சில் முனையைப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்துப் பார். போகாவிட்டால் நட் ராவுகிற அரத்தால் பக்கவாட்டில் மட்டும், கம்பியைவிட 0.05 மி.மீ. அகலமாக. ஆழம் கூடக் கூடாது. கூடினால் அழுத்தாத கம்பி முதல் ஃப்ரெட்டில் உரச ஆரம்பிக்கும். அப்புறம் நட்டையே மாற்ற வேண்டும்.

இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது, கடைசியில். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டும் ஹார்மானிக்கையும், அங்கேயே அழுத்தி மீட்டிய சுரத்தையும் ஒப்பிடு. அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்து, இறங்கியிருந்தால் முன்னுக்கு. தடித்த கம்பிகளுக்குச் சேடில் சற்றுப் பின்னே போகும், திகைக்காதே. கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் மின்சாரமாக்கும் ஸ்ட்ராட் பிக்கப்பையும் ஒரு முறை பார்: கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே அளந்தால் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2. இதைவிட நெருக்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து நடுங்குவது போலக் கேட்கும். அதை இன்டொனேஷன் கோளாறு என்று நினைத்து நாள் முழுக்கச் சேடிலைத் திருகுகிறவர்கள் உண்டு.

சுருதியை மின்னணு முறையில் இறக்கும் பெடல் கெட்டதில்லை. நிகழ்ச்சியின் நடுவே ஒரே ஒரு பாட்டுக்கு என்றால் நல்ல தீர்வு. ஆனால் நீ வீட்டில் மெல்லிய சத்தத்தில் வாசிக்கிறாய். ஆம்ப்பிலிருந்து இறங்கிய சுரம் வரும். கையிலிருக்கும் கம்பி அரைக் கட்டை மேலே ஒலிக்கும். இரண்டும் சேர்ந்து காதைக் குடையும். பழைய ஸ்டுடியோ ஆல்பங்களுக்குச் சாதாரண டியூனிங் வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுக்கொள். ஆனால் டேப் காலத்துப் பதிவுகள் சில, இயந்திரத்தின் வேகத்தால் இரண்டு சுருதிக்கும் நடுவில் நிற்கும். அங்கே காதுதான் டியூனர்.

சுருதி சரியான பிறகும் உன் ஓசை அவர்களுடையது போல வராது. காரணம் கெய்ன், அதாவது ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை (ஓசையின் கரகரப்பை) கூட்டும் அளவு. ஏசி/டிசி பேண்டின் தாளக் கிட்டார்காரர் மால்கம் யங்கைக் கவனித்துக் கேள். 2017இல் அவர் இறந்த பிறகும் ஏசி/டிசியின் தாளம் அவர் போட்ட தடத்தில்தான் ஓடுகிறது. 1963ஆம் ஆண்டு கிரெட்ச் கிட்டார். பிரிட்ஜ் பிக்கப் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டார். தடித்த கம்பி. அவருடைய மார்ஷல் ஆம்ப்பில் நாம் நினைப்பதில் பாதி டிஸ்டார்ஷன்கூட இல்லை. இதில் கஞ்சத்தனம் ஒன்றுமில்லை, இயற்பியல்தான். டிஸ்டார்ஷன் கூடினால் இரண்டு சுரங்களின் கூட்டலும் வித்தியாசமும் புதுச் சுரங்களாக முளைக்கும். ச–ப ஜோடியில் முளைப்பவை அந்தச் சுரங்களோடே ஒத்துப்போகும். அதனால் அந்த ஜோடியை மட்டும் சேர்த்த பவர் கார்டு எவ்வளவு கெய்னையும் தாங்கும். காந்தாரம் சேர்ந்த முழுக் கார்டில் முளைப்பவை ஒன்றோடொன்று மோதும், எல்லாம் சேறாகிவிடும். மால்கம் திறந்த கம்பிகளோடு முழுக் கார்டு போட்டவர், அதனால்தான் குறைந்த டிஸ்டார்ஷன். உன் ஆம்ப்பில் கெய்னைப் பத்தில் நாலுக்கு இறக்கு, மிட்ஸை (நடு அதிர்வெண்களை) ஆறுக்கு ஏற்று, வலது கையால் ஓங்கி அடி. பதிவு செய்வதானால் கெய்னை இன்னும் குறைத்து இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, இடமும் வலமுமாகப் போடு. ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில்தான் கேட்கும்.

கீத் ரிச்சர்ட்ஸின் வழி இன்னொன்று. ஆறாம் கம்பியையே எடுத்துவிட்டு ஐந்தில் வாசிப்பார். தடித்ததிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி. உன் கிட்டாரில் ஐந்தாம் கம்பியையும் முதல் கம்பியையும் ஒவ்வொரு கட்டை இறக்கினால் வந்துவிடும். பாஸ் கிட்டாருக்கு வழிவிட்டு நிற்கும் அந்த இடைவெளிதான் ரோலிங் ஸ்டோன்ஸின் ஓசை.

கெய்னைக் கிட்டாரின் வால்யூம் குமிழில் ஆள்வதற்கு குயீன் பேண்டின் பிரையன் மே பாடம். ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டி, உச்ச ஓசையைத் தூக்கும் ட்ரெபிள் பூஸ்டர் வழியாக ஏசி30 ஆம்ப்பை உச்சத்தில் வைத்துக்கொண்டு, மென்மைக்குக் குமிழைக் குறைப்பார். உன் கிட்டாரில் குறைத்தால் ஓசை மங்கும். வால்யூம் குமிழின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் உள்வரும் காலுக்கும் வெளியேறும் காலுக்கும் குறுக்கே 1 நானோஃபேரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாகப் பற்றவைத்தால் மங்காது.

பழைய பேண்டுகளின் செய்திக்கு வருகிறேன். டிரம்மர் மாறுவதுதான் எல்லாப் பழைய பேண்டிலும் பெரிய மாற்றமாக எனக்குப் படுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸில் சார்லி வாட்ஸ் 2021இல் இறந்த பிறகு ஸ்டீவ் ஜோர்டன். அயர்ன் மெய்டனில் நிக்கோ மெக்பிரெய்ன் 2024 டிசம்பரோடு சுற்றுப்பயணத்தை நிறுத்திக்கொண்டார். மறைந்த டிரம்மர் நீல் பியர்ட் இல்லாமல் ரஷ் பேண்டே இல்லை என்றிருந்தோம். 2025இல் கெடி லீயும் ஆலெக்ஸ் லைஃப்சனும் அனிகா நில்லஸோடு மறுபடி மேடையேறப் போவதாக அறிவித்துவிட்டார்கள். கிட்டார்காரனுக்கு இதில் என்ன என்கிறாயா? டிலே எனும் எதிரொலிக் கருவி. டிரம்மர் மாறினால் டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை அடி) மாறும், எதிரொலியும் அதற்கேற்ப மாற வேண்டும். யூ2வின் கிட்டார்காரர் எட்ஜ் வாசிக்கும் புள்ளி வைத்த எட்டாம் சுர (முக்கால் அடி) டிலேவுக்குக் கணக்கு, 45,000ஐ டெம்போவால் வகுத்தால் வரும் மில்லிசெகண்ட். 120க்கு 375. டிரம்மர் 116இல் வாசித்தால் வேண்டியது 388. 375இலேயே விட்டால் ஒரு எதிரொலிக்கு 13 மில்லிசெகண்ட் முந்தும். மூன்றாவது எதிரொலியில் அது 39, அங்கே தாளம் தடுமாறுவது யாருக்கும் கேட்கும். காலால் தட்டி வேகத்தை அமைக்கும் ‘டேப் டெம்போ’ இல்லாத டிலேயோடு மேடைப் பதிவுக்கு வாசிக்காதே.

பிளாக் சபாத் நால்வரும் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் கடைசியாக ஒன்றாக நின்றார்கள். அதே மாதம் 22ஆம் தேதி பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார்.

நிகழ்ச்சிக்கு முன்வரிசை டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். முன்பு மேடையிலிருந்த ஆம்ப்பின் ஓசையாவது முன்வரிசைக்கு நேராக வரும். இப்போது பலர் மாடலர் (ஆம்ப்பின் ஓசையைப் போலச் செய்யும் கருவி), இன்-இயர் (காதுக்குள் மாட்டும் ஸ்பீக்கர்) என்று போய்விட்டார்கள். மெட்டாலிக்கா 2013இல் அண்டார்டிகாவில் மேடை ஆம்ப்பே இல்லாமல், கேட்பவர்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்ட நிகழ்ச்சியே நடத்தினார்கள். அப்படிப்பட்ட மேடையில் தலைக்கு மேல் தொங்கும் ஸ்பீக்கர்கள் முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் போகின்றன. உனக்குக் கிடைப்பது டிரம்ஸும் விளிம்பிலிருக்கும் சின்ன ஸ்பீக்கரும்தான். மிக்சிங் டெஸ்க் பக்கத்தில் நில். ஆனால் சரியாக மைய அச்சில் வேண்டாம், இரண்டு பக்க சப்வூஃபரும் அங்கே கூடிப் பாஸ் முட்டும். காதடைப்பு கட்டாயம். 85 டெசிபலில் காது தாங்கும் நேரம் 8 மணி என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100இல் கால் மணி நேரம்தான். நுரை அடைப்பான் உச்ச ஓசையைத்தான் அதிகம் தின்னும், ஃபில்டர் வைத்ததை வாங்கு. 2016இல் ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் பயணத்தின் நடுவே நின்றது காதால்தான்.

கம்பி மாற்றுவதற்கு முன் பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங் எத்தனை, கொக்கி எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து வை. எட்டாம் ஃப்ரெட் இடைவெளியையும் நட் எலும்பா பிளாஸ்டிக்கா என்பதையும் எழுது. பிளாஸ்டிக் என்றால் அரத்தை எடுப்பதற்கு முன் எனக்குச் சொல். அது நினைத்ததைவிட வேகமாக இறங்கிவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்