தோடர் பூத்தையல் பையை எப்படித் துவைப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும், தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைப்பதையும் அழகாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஊட்டியில் ஆசையாக வாங்கி வந்த பையை அப்புறம் எப்படிப் பராமரிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. நான் பார்த்தவரை இந்தப் பைகள் பாழாவது தூக்கிக்கொண்டு அலைவதால் அல்ல, துவைப்பதால்தான்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் பையை ஜீன்ஸ் பேன்ட்டோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார். சிவப்புச் சாயம் இறங்கி, வெள்ளைத் துணி திட்டுத்திட்டாக ரோஸ் ஆகிவிட்டது. உள்ளே இருந்த லைனிங் சுருங்கி, பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

முதலில் சாயம் போகுமா என்று பாருங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, பையின் ஓரத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் சிவப்பு நூல்மேல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் தெரிந்துவிடும். நிறம் ஒட்டினால் பையை நனைக்கவே வேண்டாம். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சாயம் போகாவிட்டாலும் ஊறவைப்பது கூடாது. பச்சைத் தண்ணீரில் சோப்புத் தூளுக்குப் பதிலாகக் காரமில்லாத திரவ சோப்பு கொஞ்சம் விட்டு, அலசியதும் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கைவாக்கில் காயப்போட வேண்டும். ஈரப்பையைக் கைப்பிடியில் மாட்டினால் கைப்பிடி நீண்டுவிடும்.

முக்கியமான விஷயம் இன்னொன்று. பூத்தையலின் மேல் சின்னச் சின்ன நூல் வளையங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அது தையல்காரியின் கவனக்குறைவு அல்ல. அந்தக் கரடுமுரடான பக்கத்தையே முகப்பாக வைத்துக்கொள்வது தோடர் வழக்கம். பிசிர் என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். ஒரு வளையத்தை வெட்டினால் அந்த வரிசையே தளர்ந்து வரும். வளையலிலோ மோதிரத்திலோ மாட்டி நூல் நீண்டுவிட்டால், முனை மழுங்கிய ஊசியால் மெல்ல உள்பக்கம் தள்ளிவிட்டால் போதும்.

இதற்கெல்லாம் பயந்து பாலிதீன் கவரில் சுற்றிப் பீரோவில் பூட்டி வைப்பதும் சரியல்ல. காற்றுப் படாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், கம்பளி நூலாக இருந்தால் பூச்சியும் அரிக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது எடுத்து உதறுங்கள். அதைவிட, தோளில் மாட்டிக்கொண்டு நாலு இடம் போய் வாருங்கள். தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் வைக்க வேண்டும் என்றால், கைப்பிடி நாடாவை இருபுறமும் கீழே இறக்கி அடிவரை தைத்துத் தரச் சொல்லுங்கள். தெருமுனைத் தையல்காரரே செய்துவிடுவார். பூத்தையல்மேல் மட்டும் ஊசி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘டிரை கிளீன் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். நூல் கம்பளியா அக்ரிலிக்கா, சாயம் போகுமா, இஸ்திரி போடலாமா என்று தமிழில் நாலு வரி அச்சடித்துப் பைக்குள் போட்டுக் கொடுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு