சரசுவுக்கு, அந்த டோனர் பாட்டிலைப் பற்றி

திருப்பூர்
கார்த்திகை 9, ஞாயிறு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பையன் பக்கத்தில் இருக்கும்போது முகத்தில் விழுந்த மங்கு, அதான் அந்தக் கருந்திட்டு, அதைப் பற்றிப் போனில் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எழுதியது நல்லதுதான். போனில் சொன்னால் பாதியிலேயே "செரி செரி" என்று வைத்துவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். முப்பது வருசமாகப் பார்க்கிறேனே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மறுபடி சந்தவை பிழிய ஆரம்பித்துவிட்டது, தடுத்தால் கோவித்துக்கொள்கிறது. நான் வேலை பார்க்கும் சாயப் பட்டறையில் தீபாவளி நெருக்கடி ஓய்ந்து இப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்குக் கிடைக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, கரும்பு ஆள் உயரம் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் கொடிவேரி ஞாபகம் வந்தது. ஹாஸ்டலிலிருந்து போன அன்று வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தது நீதான், முள் குத்தி அழுததும் நீதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீர் பேசப் போன இடத்தில் உன் நங்கையா எல்லோர் முன்னாலும் "மொகமெல்லாம் மங்கு உளுந்து போச்சே, பாத்துக்கக் கூடாதா" என்று கேட்டதும் மனசு பொக்கென்று போனது என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிகிறது. "வயசாச்சு, இதுக்கென்ன" என்று நான் சொல்ல மாட்டேன். பையன் கல்யாணத்தில் முதல் வரிசையில் நிற்கப்போகிறவள் நீ. ஆனால் உன் மகள் பெங்களூரிலிருந்து தாட்டிவிட்ட பாட்டில் அந்த மங்கைப் போக்குமா என்றுதானே கேட்கிறாய்? என் பதில்: போக்காது. நீ இருக்கிற வெயிலில் அதை முகத்தில் போட்டால் இருப்பதையும் கிளப்பிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் பாட்டில் ஏமாற்று வேலையும் இல்லை. அதைத்தான் விளக்கமாக எழுதவேண்டும்.

7 சதவீத கிளைகாலிக் ஆசிட் டோனர். போன வருடம் நானும் அந்த மாதிரி ஒன்றை வாங்கினேன், உனக்குச் சொல்லவில்லை. தெளிந்த தண்ணீர் போல இருக்கும், பஞ்சில் நனைத்துத் துடைத்தால் சித்த நேரம் லேசாக ஒட்டும், அவ்வளவுதான். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தது மனசை உறுத்தியதால், மறுநாள் பட்டறை லேபுக்கு ஒரு மூடி அளவு எடுத்துப்போய் அமிலம் எவ்வளவு என்று காட்டும் பிஹெச் பேப்பரை நனைத்துப் பார்த்தேன். எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். நாங்கள் சாயத் தண்ணீருக்குப் பார்க்கும் அதே பேப்பர். நிறம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்து நின்றது. நம் தோலின் மேற்பரப்பு ஐந்தை ஒட்டி இருக்கும். ஒன்றரைப் புள்ளிதானே என்று நினைக்காதே, பிஹெச் கணக்கில் அது முப்பது மடங்கு அமிலம்.

சதவீதத்தைப் பெரிதாக அச்சடிக்கிறார்களே, அதைவிட இந்த எண்தான் முக்கியம். கிளைகாலிக் ஆசிட் 3.8 பிஹெச்சில் பாதிக்குப் பாதி அமிலமாகவும் மீதி உப்பாகவும் நிற்கும். அமிலமாக இருக்கிற பாதிதான் தோலுக்குள் போய் வேலை செய்யும். பிஹெச் ஐந்துக்கு மேலே ஏறினால் 7 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் பெயருக்குத்தான். அந்த வகையில் என் பாட்டில் சொன்னதைச் செய்கிற சாமான். அமெரிக்காவில் 1998-இல் அழகுசாதனப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு ஒன்று, வீட்டில் போட்டுக்கொள்ளும் பொருளில் இந்த வகை அமிலம் 10 சதவீதத்துக்கு மிகக்கூடாது, பிஹெச் 3.5-க்குக் கீழே இறங்கக்கூடாது, கூடவே வெயில் பாதுகாப்பும் வேண்டும் என்று வரம்பு சொன்னது. முதல் இரண்டையும் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது நம் தலையில்.

அது என்ன செய்கிறது என்று உனக்கு எங்கள் பட்டறைப் பேச்சில் சொன்னால்தான் விளங்கும். பனியன் துணி மேலே சின்னச் சின்னப் பஞ்சு முடி எழும்பி நிற்கும் பார், அது போக நாங்கள் பயோ வாஷ் கொடுப்போம். ஒரு என்சைம், லேசான அமிலத் தண்ணீர், ஐம்பது ஐம்பத்தைந்து டிகிரி சூடு. முடியெல்லாம் உதிர்ந்து துணி வழுவழு என்று வரும், சாயமும் பளிச்சென்று தெரியும். மினுமினுப்பு வந்ததே, இன்னும் பத்து நிமிசம் ஓடட்டும் என்று விட்டால் துணி வலு போய்விடும். வெளியே பார்த்தால் அருமையாக இருக்கும், டெஸ்ட் மிஷினில் வைத்தால் டப்பென்று வெடிக்கும். ஒரு தடவை நானே அப்படி ஒரு லாட்டைக் கெடுத்து, முதலாளி முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

தோலிலும் கிட்டத்தட்ட அதே கதை. என்சைம் பஞ்சையே கடிக்கும், இந்த அமிலம் அப்படியில்லை. மேலே காய்ந்து கிடக்கிற செத்த செல்களுக்கு நடுவில் இருக்கும் பிடிப்பைத்தான் தளர்த்தும். கீழிருந்து புதுத் தோல் மேலே வர ஏறக்குறைய 28 நாள் ஆகும், வயசு ஏற ஏற அது மெதுவாகும். உதிர வேண்டியது உதிராமல் ஒட்டிக்கொண்டு இருந்தால் முகம் மங்கலாக, சொரசொர என்று தெரியும். அதை உதிர்த்தால் பளபளப்பு. இது ஒன்றும் புது மாயமும் இல்லை. வான் ஸ்காட், யூ என்ற இரண்டு பேர் 1974-இல், மீன் செதில் மாதிரித் தோல் தடித்துப்போகும் நோய்க்கு இந்த அமிலங்கள் வேலை செய்வதை எழுதினார்கள். அழகுக்கு வந்தது அதற்குப் பிறகு.

விளம்பரத்தில் கரும்புப் படம் போட்டிருக்கிறதாம், "நம்ம தோட்டத்துச் சாறு தானே" என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். கரும்பில் அந்த அமிலம் கொஞ்சம் இருப்பது நிசம். ஆனால் பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஆலையில் ரசாயன முறையில் செய்வது. அதனால் அது மட்டம் என்றில்லை. கரும்பு என்ற பெயரில் துணிச்சல் மட்டும் கொள்ளாதே. கவுந்தப்பாடிச் சர்க்கரையைக் கரைத்து முகத்தில் பூசலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், கட்டெறும்புதான் வரும்.

இப்போது என் கோளாறைக் கேள். முதல் வாரம் இரண்டு ராத்திரி போட்டேன். காலையில் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் கோரா துணிக்கும் வாஷ் போட்ட துணிக்கும் உள்ள வித்தியாசம். எனக்கே கை கூசியது. அந்த ஆசையில் தினமும் ராத்திரி, பிறகு காலையிலும் ஒரு துடைப்பு. மூன்றாம் வாரம் கன்னம் எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. பக்கத்து வீட்டு அக்கா "என்ன போடற?" என்று கேட்டாள், நானும் பெருமையாகப் பாட்டிலைக் காட்டினேன். அந்த மினுமினுப்பு தோல் மெலிந்த மினுமினுப்பு என்று எனக்கு உறைக்கவில்லை, அதுவும் துணியில் அதைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு! அதற்குப் பிறகு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் எரிந்தது. அந்த நிலையில் மேலுதட்டுக்கு திரெடிங் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் அவிநாசி வரை மத்தியான வெயிலில் போய் வந்தேன். மறுநாள் நூல் போன வழி சிவந்து, நாலு நாளில் மீசை போட்டது போல் கருத்தது. நம்ம மாதிரி நிறத்தில் தோல் எங்கே புண்பட்டாலும் அது கருப்பாகத்தான் கணக்கை எழுதிவைக்கும். அது மங்க நாலு மாதம் ஆனது. அதுவரை பாட்டில் அலமாரியில், முகத்துக்கு வாசலின் மட்டும்தான்.

பாட்டிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் எழுதியே இருந்தது: ராத்திரியில் மட்டும், எரிந்தால் நிறுத்து, வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போடு, நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குப் போடு. கண்ணாடி போடாமல் படித்தது என் தப்பு. அந்த ஒரு வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பணம் கொடுத்துச் செய்த ஆய்வில், நாலு வாரம் இந்த அமிலத்தைப் போட்ட தோல் வெயிலுக்குச் சிவப்பது 18 சதவீதம் கூடியது, நிறுத்தி ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. அங்கத்திய வெயிலுக்கே அந்தக் கணக்கு. நீ பதினோரு மணிக்குக் கரும்புத் தோகை உரிக்க ஆள் விட்டுவிட்டு வரப்பிலேயே நிற்கிறவள்.

மங்கு வேறு சமாச்சாரம் சரசு. அது ஒட்டிக்கிடக்கிற செத்த தோல் இல்லை, உதிர்த்தால் போவதற்கு. உள்ளே நிறம் சுரக்கிற செல்கள் விடாமல் நிறத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வெயில், உடம்பின் ஹார்மோன், குடும்ப வாகு எல்லாம் சேர்ந்து அதைக் கிளப்பும். அனலும் கிளப்பும் என்கிறார்கள். நீ கரும்பாலை ஓட்டும் மாதத்தில் பாகு காய்ச்சும் கொப்பரைப் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார். தோல் டாக்டர்கள் இதே கிளைகாலிக் ஆசிட்டை 30 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்து, சில நிமிசம் மட்டும் வைத்துக் கழுவி எடுப்பார்கள். அது அவர்கள் கையில், அவர்கள் கண் முன்னால் நடக்கிற வேலை. 7 சதவீதத்தைப் பூசி விட்டுவிடுவது அதற்குச் சமம் இல்லை. மிஞ்சிப்போனால் மங்கைச் சுற்றி இருக்கும் தோல் பளிச்சென்று ஆகி, மங்கு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இதைவிடப் பயமாக இருப்பது உன் கடிதத்தின் கடைசி வரி. மருந்துக் கடையில் "மங்குக்குன்னே ஒரு டியூப் இருக்குது, பதினஞ்சு நாள்ல வெளுத்துரும்" என்று ஒருவர் சொன்னாராமே. தொடாதே. அந்த மாதிரி டியூப்பில் பெரும்பாலும் மூன்று மருந்து கலந்திருக்கும், ஒன்று ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து கொஞ்ச நாளைக்குக் கொடுத்தால் மருந்து. நாமாக மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நரம்பு தெரிந்து, நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இலேயே உத்தரவு வந்தது. வந்து என்ன, கேட்டால் எடுத்துத்தான் தருகிறார்கள்.

தையில் கல்யாணம், அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த ஆயிரம் ரூபாயை சன்ஸ்கிரீனில் போடு. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், முடிந்தால் 50. வெள்ளையாக இருப்பதைவிடத் தோல் நிறத்தில் வருகிற டிண்டட் வகையாகப் பார்த்து வாங்கு. அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அந்த வெளிச்சமும் ஆகாது. ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்ந்து ஒரு தடவைக்குக் காணும். பொட்டு வைப்பது மாதிரி வைத்துக்கொண்டு போட்டேன் என்று சொல்லாதே. தோட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடவேண்டும். செய்ய மாட்டாய், தெரியும். அதனால் தலைக்குக் கட்டும் துண்டை விட்டுவிட்டு அகலமான விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கு. உங்கூட்டுக்காரர் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு நிற்கிறவளுக்குத் தொப்பியில் என்ன வெட்கம்? ஒரு தடவை கோயமுத்தூரோ ஈரோடோ போய் தோல் டாக்டரைப் பார்த்துவிடு. எந்த ஆழத்தில் மங்கு இருக்கிறது என்பதை அவர்கள் விளக்கு வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். நான் கூட வருகிறேன், ஒட்டுக்காப் போய் வரலாம்.

மஞ்சளும் பாசிப்பயறு மாவும் வழக்கம் போல இருக்கட்டும், அழுத்தித் தேய்க்காதே. ஹாஸ்டலில் ஆண்டு விழாவுக்கு முந்தின ராத்திரி, சிவப்பாகவேண்டும் என்று பீர்க்கங்கூட்டை வைத்து ஒருத்திக்கு ஒருத்தி கழுத்தைத் தேய்த்தோமே, மறுநாள் பொடனியெல்லாம் எரிய மேடையில் நின்றோமே. ஆசை அன்றைக்கும் அதேதான், இன்றைக்கு அது பாட்டிலில் வருகிறது.

உன் மகளிடம் வாங்கியது வீண் என்று சொல்லிவிடாதே, பாவம், ஆசையாக வாங்கியிருக்கிறாள். ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிற அவளுக்கு அது ஒத்துப்போகும். வாரத்துக்கு இரண்டு ராத்திரி, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே ஒரு மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். அவள் முகச் சுருக்கத்துக்குப் போடுகிற ரெட்டினால் கிரீம் ஏதும் போடுகிறாள் என்றால் இரண்டையும் ஒரே ராத்திரியில் போட வேண்டாம் என்று சொல். திரெடிங் எடுத்த வாரம் தொடவே கூடாது. நான் இப்போது முகத்துக்கு வாரம் ஒரு தடவை, முழங்கைக்கு மட்டும் தாராளமாக. கையின் மேல்பக்கம் கோழித்தோல் மாதிரிப் பொரிப்பொரியாக இருந்ததே எனக்கு, அது பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. உண்மையில் அந்த பாட்டிலுக்குக் கொடுத்த காசு எனக்கு அந்தக் கையில்தான் திரும்பி வந்தது. குதிகால் வெடிப்புக்கும் போட்டுப் பார்த்தேன், அதற்கு யூரியா கிரீம்தான் கேட்கிறது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன். பந்தல்கால் நடுகிற அன்று அரிசிம்பருப்புச் சாதம் உன் கையால் வேண்டும், நெய்யைக் குறைக்காதே. உன் பாட்டிலை இன்னும் பிரிக்கவில்லை என்றால், மகளுக்கும் வேண்டாம் என்றால், திருப்பி அனுப்பிவிடாதே. டாக்டரைப் பார்க்க வருகிற அன்று எடுத்து வா, என் முழங்கைக்கு ஆகும்.

உன்,
மகேஸ்வரி